யாரும் திறக்காத கடிகாரம்

சனிக்கிழமை, காலை 7.40.

வோக்ளேர் கடிகாரத் தொழிற்சாலையின் கீழ்த்தளக் கூடத்தைத் திறந்து விளக்கைப் போட்ட லூசியேன் மேரா, உடனே அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். பார்த்தது மாறவில்லை. கூடத்தின் நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டி நொறுங்கிக் கிடந்தது. சுவரில் தொங்க வேண்டிய தீயணைப்பான் தரையில் உருண்டு கிடந்தது. நீல வெல்வெட் மெத்தையில் கடிகாரம் இல்லை. பக்கத்தில் குத்தியிருந்த சின்ன வெள்ளிச் சின்னம் மட்டும் குத்தினபடி இருந்தது.

லூசியேன் அந்தக் கூடத்தின் காவலர். பூட்டை உடைத்த அடையாளம் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்தார். இல்லை. அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

லா ஷெனாவில் மாதா கோயிலுக்குப் போகாதவர்கள் உண்டு. இந்தக் கடிகாரத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் மேற்குமலைப் பள்ளத்தாக்கில், ஒரு தெரு, ஒரு தொழிற்சாலை, மிச்சமெல்லாம் மாடு என்றிருக்கும் ஊர் அது. அந்த ஊரில் செய்த கைக்கடிகாரம் ஒரு அமெரிக்க விண்வெளி வீரரின் மணிக்கட்டில் ஏறி நிலவு வரை போனது. போன வழியில் கலத்தில் மின்சாரம் செத்தது. உள்ளேயிருந்த கடிகாரங்கள் எல்லாம் நின்றன. எஞ்சினைச் சரியான நேரம் எரித்துச் சரியான நேரத்தில் அணைத்தால் பூமி. கொஞ்சம் பிசகினால் சாவு. கர்னல் வெண்டல் ஸ்ட்ரௌட் தன் மணிக்கட்டைப் பார்த்து எரித்தார், அணைத்தார். மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள். பறப்பைப் பத்திரமாகக் காத்தவர்களுக்கு விண்வெளி வீரர்கள் தங்கள் கையாலேயே தரும் வெள்ளிச் சின்னம் தொழிற்சாலைக்கு வந்தது. அடுத்த வருஷம், 1971இல், கர்னலே நேரில் வந்து அந்தக் கடிகாரத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். ஊரே தெருவில் நின்று பேண்டு வாசித்தது.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஜப்பானிலிருந்து பேட்டரி கடிகாரங்கள் வந்து பள்ளத்தாக்கின் பாதி ஆலைகளுக்குப் பூட்டுப் போட்டன. வோக்ளேர் ஆலைக்கும் பூட்டு தயாராக இருந்தது. ஸூரிக்கிலிருந்து வந்திருந்த இரண்டு கனவான்கள் இன்று மாலை கையெழுத்துப் போட்டு ஆலையை வாங்கிக்கொண்டால் பிழைக்கும். அவர்கள் வாங்க வந்தது இயந்திரங்களை அல்ல, அந்தக் கடிகாரத்தின் கதையை. மூன்று மணிக்கு விழா. கர்னலும் வந்திருந்தார்.

8.30.

இன்ஸ்பெக்டர் நூமா ரொசெல் இந்த ஊர்க்காரன்தான். தாய், தகப்பன், இரண்டு அக்காமார் எல்லோரும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். இவனுக்கு மட்டும் விரல் தடிமன். தடித்த விரலோடு லா ஷெனாவில் பிறந்தவன் மாடு மேய்க்கலாம், அல்லது போலீசுக்குப் போகலாம். மாட்டுக்கு இவனைப் பிடிக்கவில்லை.

முதலாளி ஜெரார் வோக்ளேர் வாசலிலேயே காத்திருந்தார். "மார்த் ஜோபேனைக் கைது பண்ணுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

"காலை வணக்கம் ஐயா. ஏன் மார்த்?"

"போன மாசம் ஆள் குறைப்புப் பட்டியலைப் படிச்சப்போ எல்லார் முன்னாடியும் கத்தினா. 'அந்தக் கடிகாரத்தை நேரம் பிசகாம ஓட வச்சது நான், என்னை அனுப்பினா அதையும் எடுத்துட்டுத்தான் போவேன்'னு. நூறு பேர் கேட்டாங்க. மாசக் கடைசி வரைக்கும் அவளுக்கு வேலை இருக்கு, கூடத்துச் சாவியும் அவகிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பெட்டியைத் துடைப்பா."

"வேற யார்கிட்ட சாவி?"

"லூசியேன்கிட்ட. என் வீட்டுல ஒண்ணு. இங்க பாருங்க ரொசெல், மூணு மணிக்குள்ள கடிகாரம் வேணும். இல்லன்னா திருடினவளாவது வேணும். ஸூரிக்காரங்களுக்கு ஏதாவது காட்டணும்."

நேர்மையான ஆள்தான், மனசில் இருப்பதை அப்படியே கொட்டிவிட்டார் என்று ரொசெல் எண்ணிக்கொண்டான். உள்ளே போனான்.

லூசியேன் உடைந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். இருபது பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நிற்பதுபோல, அவர் வாய் தானாகவே ஓடத் தொடங்கியது. "இதுதான் வோக்ளேர் விண்வெளிக் கடிகாரம். கொதிக்கிற சூட்டிலும் உறையிற குளிரிலும் சோதிச்சது. உடுப்புக்கு மேல கட்ட நீள வார். முகத்துல கண்ணாடி கிடையாது, பிளாஸ்டிக். ஏன்னா எடையில்லாத இடத்துல கண்ணாடி உடைஞ்சா தூள் மிதந்து மூச்சோட உள்ள போயிடும். சாவி கொடுத்தா..."

"லூசியேன், நான் மூணாம் வகுப்பு இல்ல. உக்காருங்க."

ரொசெல் குனிந்தான். பெட்டியின் கண்ணாடி விரல் கனம். தரையிலும் மெத்தையிலும் கட்டி கட்டியாகச் சிதறிக் கிடந்தது. அவற்றுக்கு நடுவே வயர் கோத்த ஒரு ஈய முத்திரை, வயர் அறாமல் முழுசாகக் கிடந்தது.

"இது என்ன?"

"பெட்டி மூடியோட முத்திரை. கடிகாரம் வந்த அன்னைக்கே நோட்டரி போட்டது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வந்து பார்ப்பார். ஒரு தடவைகூட அறுந்ததில்ல."

"பன்னெண்டு வருஷமா யாரும் கடிகாரத்தைத் தொட்டதே இல்லையா?"

"எப்படித் தொடுறது? கர்னல் சொல்லிட்டுத்தானே போனார்? 'உள்ளே நிலவுத் தூசி இருக்கு, திறந்தா போயிடும்'னு."

மெத்தையில், கடிகாரம் கிடந்த பள்ளத்துக்குள், ஒரு துண்டு தனியாக மின்னியது. வெங்காயச் சருகுபோல மெல்லியது. கொஞ்சம் வளைந்திருந்தது. ரொசெல் தன் தடித்த விரலால் அதை எடுக்க முயன்று, தோற்று, லூசியேனிடம் சாமணம் கேட்டு வாங்கி எடுத்தான். ஓரம் கூராக இருந்தது. அதைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டான்.

"நேத்து சாயங்காலம் விருந்தா?"

"முதலாளி வீட்டுல. நானும் போயிருந்தேன். நல்ல சீஸ், நல்ல வெள்ளை ஒயின். எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. முதலாளி எழுந்து ஒரு ஆச்சரியம் சொல்றேன்னார். நாளைக்கு விழாவுல மார்த் எல்லார் முன்னாடியும் அந்தக் கடிகாரத்தைத் திறப்பா, அவ அந்தக் காலத்துல செஞ்ச வேலையை ஸூரிக்காரங்க லென்ஸ் வச்சுப் பார்க்கலாம்னார்."

"எல்லாருக்கும் சந்தோஷமா?"

"கர்னல்தான் வேண்டாம்னார். தூசி, தூசின்னு சொன்னார். முதலாளி விடல. 'எங்க ஊர்ல கைக்கு வந்த கடிகாரத்தைத் திறக்காம விட்டது இது ஒண்ணுதான், எங்க மானம் போகுது'ன்னார். எல்லாரும் கை தட்டினோம்."

9.15.

மார்த் ஜோபேன் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயசு. தனியாள். ரொசெலைக் கண்டதும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ரெண்டு போலீஸ் வண்டி. ஒண்ணு போதாதா நூமா? எதிர்வீட்டுக்காரி ஜன்னல்லயே குடியிருக்கா. பக்கத்து வீட்டுக்காரி குப்பை கொட்டுற சாக்குல மூணு தடவை வந்துட்டா."

"நேத்து எங்க இருந்தீங்க?"

"இங்க. நதீன் வந்திருந்தா, எட்டு மணிக்குப் போயிட்டா. அப்புறம் தூங்கினேன். தூங்கினதுக்குச் சாட்சி வேணும்னா என் பூனையைக் கேளு."

நதீன், மார்த்தின் பக்கத்து மேசைக்காரி. இருபது வருஷமாக முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஆள் குறைப்பில் மார்த்தின் பெயர் இருந்தது, நதீனின் பெயர் இல்லை.

"கத்தினீங்களாமே?"

"கத்தினேன். கத்துனவளெல்லாம் திருடியா? முப்பது வருஷம் மயிர் கனத்து ஹேர்ஸ்பிரிங் சுருளோட குனிஞ்சு கண்ணு போச்சு. கடைசியில ஒரு காகிதத்துல என் பேரைப் படிக்கிறான். கத்தாம என்ன, கை தட்டவா?" அவள் கிழங்கைச் சட்டியில் போட்டாள். தண்ணீர் தெறித்தது. "நான் எடுக்க நெனச்சிருந்தா தீயணைப்பானால அடிச்சு எடுத்திருப்பேனா? மூடியில நாலு ஸ்குரு. பத்து நிமிஷம். மூச்சு சத்தம்கூட வராது. அடிச்சு உடைச்சவன் நம்ம ஊரானே இல்ல."

"அது சரி," என்றான் ரொசெல். இதை எழுதிக்கொண்டால் எந்த நீதிபதியும் சிரிப்பார் என்றும் தெரிந்தது. "பெட்டிக்கு எவ்வளவு பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்க?"

"ஒரு முழம். அந்தக் கனத்த கண்ணாடி வழியா என்ன தெரியும்? முள்ளு தெரியும், எண்ணு தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன். நிலவு வரைக்கும் போய்ட்டு வந்திருக்கு, அதன் முகத்துல ஒரு கீறல் கிடையாது. நானே அதிசயப்பட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை துடைக்கிறப்போ அதைப் பார்த்துட்டு நின்னுருவேன். யாரும் இல்லாதப்போ பேசியும் இருக்கேன், சிரிக்காத."

ரொசெல் சிரிக்கவில்லை. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நூமா," என்றாள் மார்த் பின்னாலிருந்து. குரல் இறங்கியிருந்தது. "வேலை போனா போகட்டும். திருடின்னு பேரோட இந்தத் தெருவுல நான் ரொட்டி வாங்கப் போக முடியாது. புரியுதா?"

"புரியுது."

11.00.

முதலாளி வீடு ஆலையை ஒட்டியே இருந்தது. முன்கூடத்தில் கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பித்தளைக் கொக்கி, கொக்கியில் சாவிக்கொத்து. யார் வேண்டுமானாலும் கோட்டை எடுக்கிறபோது சாவியையும் எடுக்கலாம், திரும்ப மாட்டலாம்.

அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்த கர்னல் ஸ்ட்ரௌட் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, இன்னும் நிமிர்ந்த முதுகு. இளமையில் பிரான்சில் ஒரு விமானத் தளத்தில் இருந்தவர், அதனால் ஊர் பேசும் பிரெஞ்சு தடுக்கித் தடுக்கி வரும்.

"பாவம், அந்த அம்மா," என்றார். "ஜெயிலா?"

"யார் அந்த அம்மான்னு உங்களுக்கு யார் சொன்னா கர்னல்?"

"காலையில சாப்பிடுறப்போ வோக்ளேர் சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? வருத்தமா இருக்குன்னேன்."

"சாப்பிட்டீங்களா?"

கர்னல் அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு முட்டை."

"உங்க கடிகாரம் தொலைஞ்சிருக்கு. உங்க உயிரைக் காப்பாத்தின கடிகாரம். என்ன ஆச்சுன்னு நீங்க என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல."

ரொசெல் பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தான்.

2.30.

கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஐந்து பேர்: வோக்ளேர், கர்னல், லூசியேன், மார்த், ரொசெல். ஸூரிக் கனவான்கள் மாடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெருவில் பேண்டுக்காரர்கள் ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

ரொசெல் தீப்பெட்டியைத் திறந்து உடைந்த பெட்டியின் விளிம்பில் வைத்தான்.

"லூசியேன், பல்லுல தட்டிப் பாருங்க."

லூசியேன் அந்தத் துண்டைச் சாமணத்தால் எடுத்து முன்பல்லில் மெல்லத் தட்டினார். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று அந்த ஊரில் பச்சைப் பிள்ளைகூட அப்படித்தான் சோதிக்கும். 'ணிங்' என்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கண்ணாடி," என்றார்.

"கடிகார முகத்துக் கண்ணாடி. வளைஞ்சிருக்கு, மெலிசா இருக்கு, மெத்தைப் பள்ளத்துல கிடந்தது. அடிச்ச அடி பெட்டியைத் தாண்டிக் கடிகாரத்து மேலயும் விழுந்திருக்கு. எடுத்தவர் அவசரத்துல இதை விட்டுட்டார். விண்வெளிக்குப் போன கடிகாரத்துல கண்ணாடி கிடையாதுன்னு காலையில எனக்குப் பாடம் எடுத்தது நீங்கதான். பிளாஸ்டிக்னா நிலவுக்குப் போய் வந்ததுல கீறல் விழுந்து மங்கியிருக்கணும். மார்த், ஒரு கீறல்கூட இல்லன்னு சொன்னீங்க. அது அதிசயம் இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள இருந்தது நம்ம ஆலையோட கடை மாடல். கீறல் பிடிக்காத கனவான்களுக்குக் கண்ணாடி போட்டு விக்கிறது."

"அப்போ யாரோ மாத்தி வச்சிட்டாங்க!" என்றார் வோக்ளேர்.

"எப்போ? முத்திரை பன்னெண்டு வருஷமா அறுபடல, நேத்தும் அறுபடல. கண்ணாடிதான் உடைஞ்சது. முத்திரை போட்ட அன்னைக்கு உள்ள போன கடிகாரம்தான் நேத்து ராத்திரி வரைக்கும் இருந்தது. அன்னைக்கே அது பொய்." ரொசெல் கர்னல் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் கை நீண்டுவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. "கைக்கு வந்த எதையும் திறந்து பார்க்காம விடாத ஊர் இது. இந்த ஒண்ணை மட்டும் திறக்கல. தூசின்னு சொன்னதும் கும்பிட்டுட்டு உக்காந்துட்டோம். நேத்து சாயங்காலம்தான் திறக்கறதா முடிவாச்சு. திறந்தா தன் வேலை இல்லைன்னு மார்த் ஒரு நொடியில சொல்லிடுவாங்க. அது தெரிஞ்சு பயப்பட வேண்டிய ஆள் ஒருத்தர்தான். கொடுத்தவர். சாவி அவர் கோட்டுக்குப் பக்கத்துலயே தொங்குச்சு. வெள்ளிச் சின்னத்தைத் தொடல, ஏன்னா அது உண்மையானது. கர்னல், எடுங்க."

வெளியே யாரோ பேண்டில் ஒரு சுருதி தப்பினார்கள். கர்னல் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றியதை எடுத்து வைத்தார். முகம் உடைந்த கடிகாரம்.

"நிஜமானது என்னுது இல்ல," என்றார். "அரசாங்கத்துது. திரும்பி வந்ததும் வாங்கி வச்சுக்கிட்டாங்க, கேட்டும் கொடுக்கல. நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஜெனீவா விமான நிலையத்துல இறங்கினப்போ கையில ஒண்ணும் இல்ல. அங்க ஒரு கடை இருந்தது." அவர் நிறுத்தினார். "இந்த ஊர் முழுக்கத் தெருவுல நின்னுச்சு. குழந்தைங்க கொடி ஆட்டினாங்க. எப்படிச் சொல்றது?"

"அன்னைக்குச் சொல்ல முடியல, விடுங்க," என்றான் ரொசெல். "இன்னைக்கு? ஒரு பொம்பளையை ஜெயிலுக்கு அனுப்பறாங்கன்னு கேட்டுட்டு முட்டை சாப்பிட்டீங்களே, அது எப்படி இறங்கிச்சு?"

கர்னல் தலையைக் குனிந்துகொண்டார்.

வோக்ளேர்தான் முதலில் சுதாரித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். மார்த், உன்மேல ஒண்ணும் கிடையாது. தெரியாத திருடன் எடுத்துட்டான். முடிஞ்சது. கர்னல் மேடையில ரெண்டு வார்த்தை பேசட்டும், அவங்க கையெழுத்துப் போடட்டும். எண்பது குடும்பம் மார்த்! நல்லா யோசிச்சுப் பாரு."

"என்னை அனுப்பறப்போ எத்தனை குடும்பம்னு யோசிச்சீங்களா?"

"உன் வேலையைத் திருப்பித் தரேன். இப்பவே தரேன்."

மார்த் அவரைப் பார்க்கவில்லை. கைக்குட்டையிலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் துணியோடு வந்து நின்றது விமான நிலையக் கடைச் சரக்கு ஒன்றின் முன்னால். அவமானத்தில் அவள் காது சிவந்துவிட்டது.

"நிஜமானது," என்றாள் கர்னலிடம். "அங்க, மேல. சரியா ஓடுச்சா?"

"ஒரு வினாடி பிசகல அம்மா. அது பொய் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ரொசெல் பக்கம் திரும்பினாள். "தெரியாத திருடன்னு எழுதினா இந்த ஊருக்கு அது யாருன்னு உனக்குத் தெரியும், நூமா. ரெண்டு வண்டி என் வாசல்ல நின்னுருக்கு. நடந்ததை எழுது. மாடியில இருக்கறவங்களுக்கு நானே சொல்றேன்."

"மார்த்!" என்றார் வோக்ளேர்.

அவள் படியேறிப் போய்விட்டாள். ரொசெல் தடுக்கவில்லை. தடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தான் என்பதை அவன் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அவனுடைய இரண்டாவது அக்கா இன்னும் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள்.

ஸூரிக் கனவான்கள் மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகக் கை குலுக்கினார்கள், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஐந்து மணி ரயிலில் ஏறிப் போனார்கள். கர்னலின் வாக்குமூலத்தை ரொசெல் வாங்கிக்கொண்டான். உடைத்தது ஒரு பெட்டி, எடுத்தது அவரே கொடுத்த கடிகாரம். பெரிய தண்டனை எதுவும் வராது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மார்த் ஆலை வாசலுக்கு வந்தபோது சேதி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கடந்து போனபோது யாரும் நிமிரவில்லை. நதீன் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள்.

"ஒரு வாரம் மார்த். கையெழுத்து ஆகற வரைக்கும் ஒரே ஒரு வாரம் பேசாம இருந்திருக்கக் கூடாதா? நீ எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"நீ நம்பலையா, நான்தான் எடுத்தேன்னு?"

நதீன் கையை விட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள், இருபது வருஷமாகவே.

"காலையில நம்பினேன்," என்றாள்.

"அதுக்குத்தான் பேசினேன்," என்றாள் மார்த்.